ரெண்டும் 40-ஆம் நம்பர் நூல்தான், ஒண்ணு மட்டும் தறியில நிக்கவே மாட்டேங்குது, ஏன்?

கூறைநாட்டுப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். நூல் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, மண்டை காயுது. மயிலாடுதுறை பக்கம் எங்க வீட்டுல தாத்தாவோட குழித்தறி ரொம்ப வருஷமா சும்மா கெடந்துச்சு, குழி மேல பலகையப் போட்டு நெல்லு மூட்டைதான் அடுக்கி வச்சிருந்தோம், நான் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்ததும் அதைத் தூசி தட்டி தை மாசத்துலேர்ந்து துண்டு நெய்யிறேன். தாத்தா திண்ணையில கட்டில் போட்டு உக்காந்துகிட்டு சொல்லச் சொல்ல நான் மிதிக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

முதல் பாவு (தறியில நீளவாக்குல ஓடுற நூல்) பக்கத்துத் தெரு நெசவுக்காரர் கொடுத்த சிட்டம் நூல் (வளையமா சுத்தி வர்றது), 40-ஆம் நம்பர், கார்டட், அதாவது சீப்பு போட்டு வாராத ரகம். பாக்க பிசிறா இருக்கும், கையில சொரசொரங்கும், ஆனா தறியில ஒரு முணுமுணுப்பு கிடையாது. ஒரே குறை, அரக்கு சாயம் போட்டதுல எள்ளு தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துச்சு. சரி நல்ல நூலா வாங்குவோம்னு ஆன்லைன்ல ஒரு கடையில கோன் நூல் எடுத்தேன், அதுவும் 40 தான், கோம்ப்டு, அதாவது சீப்பு போட்டு வாரின ரகம், ஏற்றுமதிக்குப் போனதுல மிஞ்சினதுன்னு சொன்னாங்க, விலையும் கம்மி. கையில எடுத்தா வெண்ணெய். பாவு ஓடி, கஞ்சி போட்டு, பிணைச்சு உக்காந்தா ஒரு முழம் நெய்யிறதுக்குள்ள முப்பது இழை அறுகுது. அறுந்ததை முடிஞ்சு முடிஞ்சு நகம் தேஞ்சதுதான் மிச்சம். அதே தறி, அதே அச்சு (பாவு இழையைப் பிரிச்சு நிறுத்துற சீப்பு), அதே கஞ்சி. தாத்தாவைக் கேட்டா "நூல்ல உயிர் இல்லடா"ங்கறார், உயிருன்னா என்னன்னு கேட்டா மொறைக்கிறார்.

ஒரே நம்பர் நூல் எப்படிங்க இவ்வளவு வித்தியாசமா இருக்கும்? கோம்ப்டுன்னா ஒசத்தின்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

கஞ்சிப்பானை:

கஞ்சி பதம் தம்பி. வேற ஒண்ணும் இல்ல. கெட்டியா போடுங்க, ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விடுங்க. விடியக்காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாவு விரிச்சுப் போடணும்.

கூறைநாட்டுப் பேரன்:

அண்ணா எண்ணெயெல்லாம் விட்டுத்தான் போட்டேன், தாத்தாவே பக்கத்துல நின்னு பதம் பாத்தார். ஒண்ணு கவனிச்சேன், புது நூல்ல கஞ்சி ஒட்டவே இல்ல, காஞ்சதும் தறிக்குக் கீழ மாவு மாதிரி கொட்டிக் கெடந்துச்சு. பழைய நூல்ல அப்படி இல்ல.

குர்தா கடை:

எதுக்கு ப்ரோ இவ்வளவு ரிஸ்க், ரேயான் நூல் போட்டுப் பாருங்க. ஷைனிங்கா இருக்கும், சாயமும் நல்லா ஏறும், விலையும் ஓகே.

பாபநாசம் மில்காரன்:

ரேயான் தம்பி, அவர் தலையத் துடைக்கிற துண்டு நெய்யிறார். ரேயான் நனைஞ்சா பலத்துல பாதி போயிடும், பருத்தி நனைஞ்சா பத்திலேர்ந்து இருவது சதவீதம் கூடத்தான் செய்யும். பாவுக்குக் கஞ்சி போடுற அன்னிக்கே ஈர ரேயானை எவ்வளவு பூப்போல கையாளணும்னு யோசிங்க. சேலைக்கு சட்டைக்கு அது நல்ல நூல்தான், நான் குறை சொல்லல, துண்டுக்கு வேணாம்.

கூறைநாட்டுத் தம்பிக்கு: நான் ஸ்பின்னிங்ல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா நீங்க மூணு வேலை பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசுறேன். முதல்ல ரெண்டு நூல்லயும் 120 கஜம், அதாவது சுமார் 110 மீட்டர், அளந்து சுத்தி எடை போடுங்க. வீட்டுத் தராசு ஆகாது, நகை செய்யிற பத்தர் யாராச்சும் இருந்தா அவர்கிட்ட போங்க. உண்மையான 40-ஆ இருந்தா 1.62 கிராம் கிட்ட வரும். ரெண்டாவது, ஒரு அங்குல நூலை ரெண்டு கிளிப்புல புடிச்சு முறுக்குக்கு எதிர்ப்பக்கமா திருப்பிக்கிட்டே வாங்க, நடுவுல ஊசிய விட்டு இழையெல்லாம் நேரா படுத்துடுச்சான்னு பாருங்க, எத்தனை சுத்துல படுத்துச்சுன்னு எண்ணுங்க. ஒரு தடவை போதாது, பத்து எடத்துல பண்ணுங்க. மூணாவது, தறியில அறுந்த முனைய வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, வெட்டின மாதிரி மொட்டையா இருக்கா, இல்ல நீளமா மெலிஞ்சு போயிருக்கா?

திருபுவனம் அக்கா:

அந்தக் கோனுக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்ல, அதையும் பாருங்க தம்பி.

கூறைநாட்டுப் பேரன்:

ரெண்டு நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. பத்தர் என்னைய மேலயும் கீழயும் பாத்தார், நூலையெல்லாம் தங்கத் தராசுல நிறுக்க வந்த மொத ஆளு நீதான்டான்னார். பழசு 1.64, புதுசு 1.61. ஆக ரெண்டும் நெசமாவே 40. முறுக்கு எண்ணுறதுக்குள்ள கண்ணு பூத்துப் போச்சு, பழைய நூல்ல 26, 27 வருது, புதுசுல 21லேர்ந்து 23க்குள்ள. அறுந்த முனை பழைய நூல்ல மொட்டையா இருக்கு. புதுசுல பூனை வால் மாதிரி நீளமா மெலிஞ்சு இருக்கு. கோனுக்குள்ள ஸ்டிக்கர்ல "40 சி.எச்"னு போட்டிருக்கு அக்கா.

பாபநாசம் மில்காரன்:

நெனச்சேன். சி.எச்னா கோம்ப்டு ஹோசியரி. பனியன் நூல் அது, திருப்பூர்ல பின்னலாடை மெஷினுக்குப் போற நூல். தறிக்குன்னா சி.டபிள்யூ, கோம்ப்டு வார்ப்னு போட்டிருக்கணும். கார்டட்ல இதுவே கே.எச், கே.டபிள்யூ. ரெண்டு எழுத்துலதான் உங்க நகம் தேஞ்சிருக்கு.

நம்பர்ங்கறது என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஒரு பவுண்டு எடையில 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருதோ அதுதான் நம்பர். 40 வந்தா 40. அது நூல் எவ்வளவு சன்னம்னு மட்டும்தான் சொல்லும். உள்ள என்ன பஞ்சு, எவ்வளவு முறுக்கு, என்ன வேலை பண்ணியிருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லாது. ஒரே எடையில ரெண்டு பேர் இருக்காங்கன்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூட்டை தூக்குவாங்களா?

பருத்தி இழை ஒண்ணொண்ணும் ஒரு அங்குலத்துக்கு முன்னப்பின்ன தான் நீளம். அந்தத் துண்டு இழையெல்லாம் சேந்து கிலோமீட்டர் கணக்குல நூலா நிக்கிறதுன்னா ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கிது, அந்தப் பிடிய கொடுக்குறது முறுக்கு. இழுக்க இழுக்க முறுக்கு உள்பக்கமா நெருக்கும், இழை வழுக்காது. முறுக்கு பத்தலன்னா இழை அறுகுறதில்ல, ஒண்ணை விட்டு ஒண்ணு உருவிக்கிட்டு வந்துடும், அதான் உங்க பூனை வால். மொட்டையா அறுந்தா இழையே தன் பலத்தைத் தாண்டி அறுந்திருக்குன்னு அர்த்தம், அந்த நூல் தன்னால முடிஞ்ச வரைக்கும் ஒழச்சிருக்கு. உங்க தாத்தா சொன்ன உயிர் இதுதான்னு நெனைக்கிறேன், அவர்கிட்ட கேட்டுடாதீங்க மறுபடி மொறைப்பார்.

மில்லுல கணக்கு இப்படி: நம்பரோட வர்க்கமூலத்தை ட்விஸ்ட் மல்டிப்ளையர்னு ஒரு எண்ணால பெருக்கினா அங்குலத்துக்கு எத்தனை முறுக்குன்னு வரும். 40க்கு வர்க்கமூலம் 6.3. பாவு நூலுக்கு 4.2 வச்சா 26 சொச்சம். ஹோசியரிக்கு 3.5 வச்சா 22. நீங்க கண்ணு பூக்க எண்ணினது அப்படியே வந்திருச்சு பாருங்க, மில்லுல மெஷின்ல பாக்குறதை கிளிப்பும் ஊசியும் வச்சு பண்ணிட்டீங்க. பனியனுக்கு ஏன் கம்மி முறுக்குன்னா தோல்ல படுற துணி மெத்துனு இருக்கணும், முறுக்கு ஏறினா துணி கோணிக்கிட்டுப் போகும். பின்னல்ல நூலுக்கு நம்ம தறி மாதிரி அடி கிடையாது. தறியில ஒவ்வொரு மிதிக்கும் பாவு மேல ஏறி கீழ எறங்குது, இழையைத் தூக்கி எறக்குற விழுதுல ஒரு ஒரசல், அச்சுப்பல்லுல ஒரு ஒரசல், ஒரு இழை துணியா ஆறதுக்குள்ள ஆயிரக்கணக்குல அடி வாங்குது. அதுக்காக முறுக்கைக் கூட்டிக்கிட்டே போலாம்னு நெனைக்காதீங்க, ஒரு அளவு வரைக்கும்தான் பலம் ஏறும், அதைத் தாண்டினா இழையெல்லாம் சாஞ்சு நின்னு பலம் எறங்க ஆரம்பிக்கும், நூல் தொங்க விட்டா தானா சுருண்டுக்கும்.

அடுத்தது கஞ்சி. ஹோசியரி நூலை கோன்ல சுத்தும்போதே மெழுகுக் கட்டி மேல ஒரசி விடுவாங்க, பின்னல் ஊசியில வழுக்கிக்கிட்டு ஓடணும்னு. மெழுகு மேல கஞ்சி எப்படி ஒட்டும், தாமரை இலையில தண்ணிதான். முறுக்கும் கம்மி, கஞ்சியும் புடிக்கல, ரெண்டும் சேந்து அடிச்சிருக்கு.

கஞ்சிப்பானை:

அது சரிங்க ஐயா, நான் ஒத்துக்கறேன். ஆனா மெழுகு இருக்கான்னு வாங்கும்போதே தண்ணியில போட்டுப் பாத்துடலாமே, மிதந்தா மெழுகு, முங்கினா நல்ல நூலு?

பாபநாசம் மில்காரன்:

அதுல ஏமாந்துடுவீங்க. பருத்திக்கே மேல இயற்கையா மெழுகு உண்டு, வேக வைக்காத பச்சை நூல் எல்லாமே மொதல்ல மிதக்கத்தான் செய்யும். ஸ்டிக்கரைப் பாருங்க, இல்ல பாவு நூலா பனியன் நூலான்னு வாய் விட்டுக் கேளுங்க, அதுதான் சுலபம்.

கோம்ப்டு ஒசத்தியான்னு கேட்டிருந்தார்ல. ஒசத்திதான். கார்டிங்ல பஞ்சைப் பிரிச்சு தூசி எடுத்து நீவி விடுறதோட சரி. கோம்பிங்னா அதுக்கு மேல சீப்பு போட்டு வாரி குட்டை இழையைத் தள்ளிடுவாங்க, நூத்துக்குப் பதினஞ்சு கிலோ கழிவாவே போகும், அந்தக் கழிவை மறுபடி ஓப்பன் எண்ட் மில்லுக்கு (வேற முறையில நூக்குற மில்லு) கொடுத்து தடி நூல் ஆக்குவாங்க. மிஞ்சினது நீள இழை, அதனால நூல் சமமா இருக்கும், பிசிறு கம்மி, அதே முறுக்குல பலம் கூட. அதே முறுக்குலன்னு சொன்னதைக் கவனிங்க. உங்களுக்கு வந்தது நல்ல பஞ்சு, தப்பான முறுக்கு. 40 சி.டபிள்யூ வாங்கியிருந்தா பழைய கார்டட் நூலை விட நல்லாவே ஓடியிருக்கும்.

ஓப்பன் எண்ட்னு சொன்னதால இன்னொண்ணு. அந்த நூலை முறுக்கைத் திருப்பிப் பாத்தீங்கன்னா சுத்தமா பிரியாது, நடு நடுவுல இழை வளையம் போட்டுக் கட்டின மாதிரி இறுக்கமா இருக்கும். பலம் ரிங் நூலை, அதாவது நாம இது வரைக்கும் பேசின வழக்கமான நூலை விட ஒரு கால்வாசி கம்மியாதான் இருக்கும், ஆனா சமமா இருக்கும், பருமனா தெரியும். ஜமக்காளம், கால்மிதிக்கு பரவால்ல.

கடைமடை சம்சாரி:

நான் நன்னிலம் பக்கம் பருத்தி போடுறவன், நெசவு தெரியாது, ஆனா அந்த வெள்ளைப் புள்ளி மேட்டரு எங்க வயல்லேர்ந்துதான் வருதுன்னு வச்சுக்குங்க. நாங்க சம்பா அறுத்துட்டு தை மாசி வாக்குல நெல் தரிசுல பருத்தி ஊணுவோம், வைகாசி ஆனி ஆடின்னு எடுப்போம். பூ பூத்து மொத மூணு வாரம் இழை நீளமா மட்டும்தான் வளரும், உள்ள வெறும் குழாய் மாதிரி, அப்புறம்தான் உள்பக்கம் சுவரு அடுக்கடுக்கா தடிக்கும், காய் வெடிக்க 45, 50 நாள் ஆவும். இதுக்கு நடுவுல தண்ணி பத்தாம செடி காஞ்சாலோ பூச்சி அடிச்சாலோ, இல்ல கோடை மழைக்குப் பயந்து அரைகுறையா வெடிச்சதைப் பறிச்சாலோ சுவரு தடிக்காத இழை கலந்துடும். போன தடவை ரெண்டாம் எடுப்புல சரியா மழை, வெடிச்சு நின்ன பஞ்செல்லாம் நனைஞ்சு தலை தொங்கிப் போச்சு, வீட்டுக் கூடத்துல பாய் போட்டு ஃபேனைப் போட்டு காய வச்சு விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போனா மறைமுக ஏலத்துல ஈரப்பஞ்சுன்னு விலைய எறக்கிட்டாங்க. ஒரே மூட்டையில முத்தினதும் இருக்கும் முத்தாததும் இருக்கும், யாரு பிரிக்கிறது.

பாபநாசம் மில்காரன்:

சம்சாரி சொன்னது நூத்துக்கு நூறு. முத்தாத இழை துவண்டு போயி கார்டிங்ல சின்னச் சின்ன முடிச்சா சுருண்டுக்கும், நெப்புன்னு சொல்லுவோம். சுவரு இல்லாததால சாயம் புடிச்சு நிக்க எடமே இல்ல, அரக்கு மாதிரி கெட்டி நெறத்துல வெள்ளையா முழிக்கும். மில்லுல மைக்ரோனேர்னு ஒரு அளவு பாப்போம், காத்தைப் பஞ்சு வழியா ஊதிப் பாக்குறது, 3.5க்குக் கீழ வந்தா மிக்சிங் ஆளுங்க மூஞ்சி சுருங்கும். ஆனா அந்தக் காத்து, பஞ்சு பிறவியிலேயே சன்னமா இல்ல முத்தாம சன்னமான்னு பிரிச்சுச் சொல்லாது, அதுக்கு அனுபவம் வேணும். கோம்பிங்ல நெப்பு நெறய போயிடும். மெர்சரைஸ் பண்ணின நூல் எடுத்தாலும் புள்ளி குறையும், காஸ்டிக் சோடாவுல இழுத்துப் புடிச்சு முக்கும்போது தட்டையா இருக்குற இழை உப்பி உருண்டையா ஆவும், பளபளப்பும் வரும், பலமும் சாயப் பிடிப்பும் ஏறும். சுத்தமா செத்த இழைய அதுவும் காப்பாத்தாது.

திருபுவனம் அக்கா:

நான் பட்டுத்தறிக்காரி, எங்க பக்கம் கதையே வேற. பட்டுப்புழு கூட்டுலேர்ந்து உருவினா ஒரே இழையே நூத்துக்கணக்கான மீட்டர் வரும், அதனால புடிச்சு வைக்க முறுக்கே வேணாம். பாவுப்பட்டுக்கு முறுக்குறது ஒரசல் தாங்கத்தான், ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடுற நூலுக்கு, ரொம்ப லேசா விடுவோம், அப்பத்தான் மினுக்கும். முறுக்கு ஏற ஏற பட்டு மங்கும். கோறாவா, அதாவது வேக வைக்காத பச்சைப் பட்டா இருக்கும்போது குச்சி மாதிரி வெறப்பா இருக்கும், சோப்புத் தண்ணியில வேக வச்சு மேல இருக்குற பசைய எடுத்தா எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போயிடும், அப்புறம்தான் பட்டு பட்டா ஆவும். எடை போனதுக்கு எங்க மாமியார் இன்னும் சாயக்காரரைத்தான் திட்டுவாங்க.

தம்பி கூறைநாடுன்னு பேரு வச்சிருக்கீங்க, உங்க ஊர் கூறைப்புடவையில பட்டும் பருத்தியும் கலந்து நெய்வாங்கள்ல, அதுல பெரியவங்க கைப்பக்குவம் எவ்வளவுன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். பட்டு இழுத்தா இருவது சதவீதம் கிட்ட நீண்டுட்டுத்தான் அறுகும், பருத்தி ஆறு ஏழுலயே போயிடும். ரெண்டையும் ஒரே இழுவையில வச்சு நெய்தா அவுத்ததும் ஒண்ணு சுருங்கி ஒண்ணு கொசகொசன்னு நிக்கும். உங்க தாத்தா கட்டம் போட்டு ஒழுங்கா நெஞ்சிருப்பார்.

இன்னொண்ணு, நீங்க கஷ்டப்பட்டது சித்திரை வெயில்லயா? பூக்கட்டுற வாழைநாரைப் பாருங்க, காஞ்சிருந்தா முடிச்சுப் போடுற எடத்துல பட்டுனு போயிடும், நனைச்சு வச்சா வளஞ்சு கொடுக்கும். பருத்தியும் கொஞ்சம் அப்படித்தான். குழித்தறி குழியில இருக்குறதே அந்த ஈரத்துக்கும்தான். மத்தியானத்துல ஈர சாக்கைக் குழிக்குள்ள போட்டு வைங்க.

குர்தா கடை:

அக்கா அப்ப வாழைநாரையே பாவா போட முடியுமா? திருச்சி பக்கம் பண்றாங்கன்னு பாத்தேன். செம சேல்ஸ் ஆகும்.

பாபநாசம் மில்காரன்:

ஊடையில போடுங்க, பாவுல வேணாம். வாழைநார் பலம்தான், ஆனா நீட்சியே கெடையாது, வெறப்பு, மிதிக்கும்போது கொடுத்து வாங்கத் தெரியாது. பருத்திப் பாவுல வாழைநார் ஊடைன்னா பை, பாய் மாதிரி ஐட்டத்துக்கு நல்லா வரும். சேலை உடுத்துற அளவுக்கு மெத்துனு வேணும்னா நாரை இன்னும் நெறய பக்குவப்படுத்தணும்.

கூறைநாட்டுப் பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஐயா உங்களுக்குத் தனியா. அந்தப் பாவை அறுத்து எடுத்துட்டேன், மனசே வரல. இப்ப கையில அஞ்சு கோன் சி.எச் மிச்சம் இருக்கு. அதை என்ன பண்றது, தூக்கிப் போடணுமா? சாயம் போடலாமா?

பாபநாசம் மில்காரன்:

ஏன் தூக்கிப் போடணும். ஊடைக்கு அதை விட நல்ல நூல் கெடைக்காது. ஊடைக்குத் தார்ல (சின்னக் குழல்) சுத்தி நாடாவுல (குறுக்கே ஓடுற ஓடம்) போறதோட சரி, அடி கெடையாது, கம்மி முறுக்குன்னா தண்ணியும் நல்லா உறிஞ்சும். சாயம் போடணும்னா சிட்டமா மாத்தி சோப்பும் சோடாவும் போட்டு நல்லா கொதிக்க வச்சு மெழுகை எடுத்துட்டுப் போடுங்க. பாவுக்கு 40 சி.டபிள்யூ, இல்ல கொஞ்சம் காசு போனா பரவால்லன்னா 2/80 எடுங்க, ரெண்டு 80 இழைய சேத்து எதிர்ப்பக்கமா முறுக்கினது, பருமன் அதே 40 தான், ஒண்ணுல மெலிஞ்ச எடத்தை இன்னொண்ணு தாங்கிக்கும், கஞ்சி பேருக்குப் போட்டா போதும்.

கூறைநாட்டுப் பேரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். பழைய கார்டட் பாவுல சி.எச் ஊடை போட்டு ஆறு துண்டு நெஞ்சாச்சு, பாவு மொத்தத்துலயும் நாலு இழைதான் அறுந்துச்சு. மொத தடவை துடைச்சப்ப தண்ணிய வழிச்சு விடுற மாதிரிதான் இருந்துச்சு, ஐயோன்னு ஆயிடுச்சு, அம்மா சுடுதண்ணியில சோப்பு போட்டு ரெண்டு தடவை அலசிக் கொடுத்தாங்க, இப்ப நல்லா உறிஞ்சுது. சாக்கு போடுற விஷயத்தைத் தாத்தாகிட்ட சொன்னேன் அக்கா, "இதைச் சொல்ல ஒனக்குத் திருபுவனத்துலேர்ந்து ஆள் வேணுமா"ன்னு கேட்டார். 2/80 ரெண்டு கிலோ சொல்லி வச்சிருக்கேன், ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புன்னு கேட்டதுக்குக் கடைக்காரர் இது வரைக்கும் போனை எடுக்கல.